மரப்பட்டையைச் சுவரில் பதிப்பது எப்படி: உரிப்பது முதல் ஸ்க்ரூ முடுக்குவது வரை

வீட்டுச் சுவரில் நிஜ மரப்பட்டையைப் பதிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பசை நல்லது என்றுதான். பசை கடைசியில் பேச வேண்டிய விஷயம், தடித்த பட்டைக்குப் பல நேரம் அது தேவையே படாது. பட்டை எந்தப் பருவத்தில் உரித்தது, எப்படிக் காய்ந்தது, சுவரில் ஏறிய பிறகு அதன் முதுகுப் பக்கம் காற்றோட்டம் இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் நாலு ஸ்க்ரூவில் நிற்கும் பட்டை உங்கள் பிள்ளைகள் காலம் வரை இருக்கும். இதில் ஒன்று தப்பினாலும் எவ்வளவு உசத்தியான பசை போட்டாலும் கொஞ்ச நாளில் ஓரம் தூக்கும், பூஞ்சணம் பிடிக்கும், கீழே தவிடு தவிடாக உதிரும். அதனால் சுவரைவிடப் பட்டையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

இதெல்லாம் நீடிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் லின்வில் என்று ஓர் ஊர்; அங்கே 1910 முதல் 1913 வரை கட்டிய ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் வெளிச்சுவர் செஸ்ட்நட் மரப்பட்டையால் வேய்ந்தது. வடிவமைத்தவர் ஹென்றி பேகன், வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவு மண்டபத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கட்டடம் நிற்கிறது. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய முழுக்க அழித்துவிட்டதால் அங்கே இப்போது துலிப் பாப்லர் என்ற மரத்தின் பட்டைக்கு மாறிவிட்டார்கள், வேலை முறை அதேதான். ஜப்பானில் ஹினோக்கி மரப்பட்டையால் கோயில் கூரைகளையே வேய்கிறார்கள். மழை நேராக விழும் கூரையில் முப்பது, நாற்பது வருஷம் தாங்கும் பொருளுக்குச் சுவர் பெரிய சோதனை இல்லை.

பட்டையை முதலில் வெட்டிப் பாருங்கள்

ஒரு துண்டுப் பட்டையை எடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்கு தெரியும். வெளியே இருப்பது கரடுமுரடான, உயிரற்ற அடுக்கு. அதில் சுபெரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் இருப்பதால்தான் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. உள்ளே இருப்பது வெளிறிய நிறம், நார்நாராக, பச்சையாக இருக்கும்போது ஈரப்பிசுபிசுப்போடு இருக்கும். இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது இந்த உள்பட்டை வழியாகத்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து அங்கேதான் இருக்கிறது, வெளி அடுக்கில் அவற்றுக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. பட்டைச் சுவரில் வரும் தொல்லைகளில் பாதிக்குமேல் காயாத உள்பட்டையிலிருந்து கிளம்புபவை.

அப்படியானால் உள்பட்டையைச் சுரண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். துலிப் பாப்லர் மாதிரி தடித்த பட்டைகளில் அதைச் செய்யாதீர்கள், அந்த நார்தான் முழுத் தகட்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதை எடுத்தால் வெளி அடுக்கு பிளவு பிளவாகக் கையோடு வரும். தொங்கும் நாரை மட்டும் எடுத்துவிட்டு மீதியை நன்றாகக் காயவிட்டால் போதும்.

எந்த மரத்துப் பட்டை

வீட்டு வேலைக்கு வருகிற பட்டைகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். துலிப் பாப்லர் போன்ற தடித்த பட்டை முதல் வகை. ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை தடிமன், ஆழமான வரிப்பள்ளங்கள், கிட்டே போய் நின்றால் காட்டு மரத்தின் முன் நிற்கிற உணர்வு வரும். ஒரு முழுச் சுவருக்கு இதுதான் என் தேர்வு.

இரண்டாவது மெல்லிய பட்டை, முக்கியமாகப் பிர்ச். பழைய சுவடிகள் எழுதிய பூர்ஜ மரமும் இந்த இனம்தான். தாள் தாளாக உரியும், வெள்ளை அல்லது தேன் நிறம், குறுக்கே சிறு சிறு கோடுகள் ஓடும். அழகில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, நீர் புகாத தன்மையும் அபாரம். நார்வேயில் புல் முளைத்த மண்கூரைகளுக்கு அடியில் நீர்த்தடுப்பாக அடுக்கடுக்காகப் பரப்பியது பிர்ச் பட்டையைத்தான். ஆனால் அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் ஈரமாக இருக்கும்போதுகூடச் சட்டென்று தீப்பிடிக்கும், காட்டில் தீ மூட்டுவதற்கென்றே வைத்துக்கொள்ளும் பொருள் அது. அதனால் கதவுப் பலகை, அலமாரி முகப்பு, சிறிய சட்டம் போட்ட பகுதி என்று அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், முழுச் சுவருக்கு வேண்டாம்.

மூன்றாவது கார்க். கார்க் ஓக் மரத்திலிருந்து வருவது, உலகத்தின் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்துக்குச் சுமார் 25 வயதானதும் முதல் தடவை உரிப்பார்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 9 வருஷ இடைவெளி விட்டு. உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிடுவார்கள், அடுத்த முறை எப்போது என்று பார்த்தவுடன் தெரியும். முதல் தடவை உரிக்கும் கார்க் மிகவும் கரடாக இருப்பதால் பாட்டில் மூடிக்கு ஆகாது, ஆனால் சுவருக்கு அந்தக் கரட்டுத் துண்டுகள்தான் அருமை. கார்க்கைத் தூளாக்கி நீராவியில் அழுத்தினால் அதன் சொந்தப் பிசினிலேயே ஒட்டிக்கொண்டு கரும்பழுப்புப் பலகையாகும், தனியாகப் பசை சேர்ப்பதில்லை. வெப்பத்தையும் தடுக்கும், அறைக்குள் எதிரொலியையும் குறைக்கும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவருக்குக் கார்க்தான் தப்பை மன்னிக்கும் பொருள், அதில் ஆரம்பிப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு: மில்லில் மரத்தைச் சதுரிக்கும்போது ஒதுக்கும், ஒரு பக்கம் பட்டையோடு இருக்கும் ஓரப்பலகை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அடிக்கிறார்கள். மரமும் பட்டையும் காயும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை, எனவே பட்டை மரத்தை விட்டுக் கழன்றுவிடும் வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் விரல் முட்டியால் நெடுகத் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் அங்கே பட்டை ஏற்கனவே விட்டுவிட்டது. பைன் போன்ற ஊசியிலை மரத்தின் ஓரப்பலகையில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வாழும் வண்டு இனம் ஒன்று இருக்கிறது, அதனால் அந்த வகையை நான் சேர்க்கவே மாட்டேன்.

உயிரோடு நிற்கும் மரத்தைத் தொடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உள்பட்டையோடு எடுத்துவிட்டால் வேருக்கு உணவு போவது நின்று மரம் மெல்லச் செத்துப்போகும். கார்க் ஓக்கும் ஹினோக்கியும் விதிவிலக்கு. அங்கே பழகிய கை வெளி அடுக்கை மட்டும் எடுத்து, அடியில் உள்ள உயிருள்ள திசுவைத் தொடாமல் விடும், பட்டை மறுபடி வளரும். மற்ற எல்லா மரத்துக்கும் விதி ஒன்றுதான்: பலகைக்காக எப்படியும் வெட்டப்பட்ட மரத்திலிருந்து எடுங்கள். பட்டை அங்கே பெரும்பாலும் எரிக்கப்படும் அல்லது தூளாக்கப்படும் கழிவு, அதைச் சுவருக்குக் கொண்டுவருவது நல்ல காரியம். விலைக்கு வாங்கினாலும் மரம் எதற்காக வெட்டப்பட்டது, எப்போது வெட்டப்பட்டது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவரிடம் பட்டை வாங்காதீர்கள்.

உரிக்கும் பருவம், உரிக்கும் முறை

மரம் துளிர்விட்டு வேகமாக வளரும் காலத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் புதுத் திசு உருவாகிக்கொண்டிருக்கும், அதன் செல்களின் சுவர் மெலிதாகவும் ஈரமாகவும் இருப்பதால் பட்டை வழுக்கிக்கொண்டு வரும். குளிர்ப் பிரதேசங்களில் இது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் மாதங்கள். வளர்ச்சி நின்ற காலத்தில் வெட்டிய மரத்தில் பட்டை இறுகப் பிடித்திருக்கும், நெம்பினால் துண்டு துண்டாக உடையும். தகடாக உரிக்க வேண்டுமானால் துளிர்க் காலம், பட்டையோடு கூடிய ஓரப்பலகை வேண்டுமானால் வளர்ச்சி நின்ற காலம். இதை மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும்.

வெட்டிய அன்றைக்கே அல்லது மறுநாளே உரித்துவிடுங்கள். கட்டையைத் தரையிலிருந்து தூக்கி இரண்டு குறுக்குக் கட்டைமேல் வையுங்கள், மண் ஒட்டினால் பிறகு போகாது. வேண்டிய நீளத்துக்கு இரண்டு பக்கமும் சுற்றி வெட்டுப்போட்டு, நெடுக்காக ஒரே ஒரு கோடு கீறி, அந்தக் கீறலில் தட்டையான மரஆப்பை நுழைத்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டே போக வேண்டும். இரும்பு உளியைவிட மரஆப்பு நல்லது, உள்முகத்தைக் குத்தாது. ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் அங்கே மல்லுக்கட்டாமல் மறுபக்கத்திலிருந்து வாருங்கள். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தில் ஏறக்குறைய 125 சென்டிமீட்டர் அகலத் தகடு கிடைக்கும், ஒரு நல்ல அடிமரமே ஒரு சுவரின் பெரும்பகுதிக்கு வந்துவிடும்.

தட்டையாக்கிக் காயவைப்பது

மொத்த வேலையில் பொறுமை கேட்கும் கட்டம் இதுதான். உரித்த பட்டை விட்டால் மறுபடி குழாயாகச் சுருண்டுகொள்ளும் (பிர்ச் மட்டும் தலைகீழ், வெள்ளை முகம் உள்ளே போகும்படி சுருளும்), காய்ந்த பிறகு விரித்தால் படாரென்று பிளக்கும். எனவே பச்சையாக இருக்கும்போதே தட்டையாக்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்ட் பூர்வகுடிகள் ஓவியம் வரையும் யூகலிப்டஸ் பட்டையை மழைக்காலத்தில் உரித்து, உடனே நெருப்பின்மேல் வாட்டி, இளகியதும் தரையில் விரித்துக் கனமான பொருளை ஏற்றி வைக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பட்டை இளகிக் கொடுக்கும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். வீட்டில் செய்கிறவர் நெருப்புக்குப் போக வேண்டாம், கொதிநீரில் நனைத்த சாக்கை உள்முகத்தில் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்தாலே முரண்டு பிடிக்கும் தகடு இளகும்.

அப்புறம் அடுக்குங்கள். சமதளத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ரீப்பர்களை ஒன்றரை அடிக்கும் குறைவான இடைவெளியில் பரப்பி, அதன்மேல் ஒரு தகடு, மறுபடி நேர்மேலே ரீப்பர், மறுபடி தகடு. உச்சியில் ஒரு பழைய ப்ளைவுட் பலகை போட்டு அதன்மேல் செங்கல்லோ தண்ணீர் கேனோ ஏற்றுங்கள். இடம் நிழலாக இருக்க வேண்டும், மழைச்சாரல் படக்கூடாது, காற்று குறுக்கே புகுந்து வெளியேற வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிமுகம் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். பட்டையின் தடிமனையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்துச் சில வாரத்திலும் ஆகும், சில மாதமும் ஆகும்.

காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? ஈரம் பார்க்கும் மீட்டர்கள் பலகைக்காக அளவு குறித்தவை, பட்டையில் குத்தினால் வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. தராசு நம்பகமானது. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தகட்டைத் தேர்ந்தெடுத்து அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் வெளிக்காற்றுக்குத் தக்கபடி காய்ந்துவிட்டது. அதன்பின் பதிக்கப்போகும் அறைக்குள்ளேயே கொண்டுபோய் அதே மாதிரி ரீப்பர் வைத்து அடுக்கி, கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஏசி ஓடும் அறை என்றால் இந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது, வெளிக்காற்றைவிட அங்கே வறட்சி அதிகம், பட்டை இன்னும் சுருங்கும், சுவரில் ஏற்றிய பிறகு சுருங்கினால் இணைப்புகளில் வாய் பிளக்கும்.

பூச்சிக்கு இரண்டு வழி உண்டு. மரத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் சூளை அறை உள்ள மில் கிடைத்தால் அதுவே சிறந்தது. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கு உள்ள சர்வதேச விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிஷம் இருக்க வேண்டும் என்பது. நீங்களும் குறைந்தது அந்த அளவைக் கேளுங்கள். சூளை இல்லையென்றால், உரித்த கையோடு, பட்டை ஈரமாக இருக்கும்போதே, மரத்துக்கென விற்கும் போரேட் உப்புக் கரைசலை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து உள்முகத்தில் தாராளமாகத் தெளியுங்கள், ஈரத்தோடு சேர்ந்து உள்ளே ஊறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். போரேட் தண்ணீரில் கரையும், மழை படும் வெளிச்சுவருக்கு அது பயன்படாது.

சுவர் தயாரா?

பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தாலோ, அடியில் சுவர் நிறம் கறுத்திருந்தாலோ அந்தச் சுவரில் கசிவு இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பட்டையால் அதை மூடி மறைத்தால் கசிவு கண்ணில் படாமல் பெருகும். குளியலறையில் தண்ணீர் தெறிக்கும் சுவர், அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், இரண்டும் வேண்டாம்.

செங்கல் சுவரோ கான்கிரீட்டோ எதுவானாலும் தடித்த பட்டையை நேராகப் பூச்சின்மேல் பதிக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ரீப்பர்களைச் செங்குத்தாக, சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, பிளக் அடித்து ஸ்க்ரூவில் இறுக்குங்கள். ரசமட்டம் வைத்து ஒவ்வொன்றும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் தேவையான இடத்தில் அடியில் சிம்பு (மெல்லிய மரச்சில்லு) கொடுங்கள். கீழேயும் மேலேயும் விரல் நுழையும் இடைவெளி விட்டால் பட்டைக்குப் பின்னால் காற்று ஏறி இறங்கும். பட்டை மிக ஒழுங்கற்றதாக இருந்தால் ரீப்பர்மேல் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் அடித்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் ஸ்க்ரூ போடலாம், வேலை எளிது. பட்டை ஏறும் முன் ரீப்பர், ப்ளைவுட், பின்சுவர் எல்லாவற்றுக்கும் கரும்பழுப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இரண்டு தகடுகளின் ஓரம் ஒருபோதும் ஒட்டிக்கொண்டு சேராது, இடுக்கு வழியாக வெள்ளைச் சுவர் எட்டிப்பார்த்தால் மொத்த அழகும் போய்விடும், கருமையாக இருந்தால் அதுவும் பட்டையின் பள்ளம் என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

சுவிட்ச் பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். ரீப்பரும் பட்டையும் சேர்ந்து நாலைந்து சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும், பெட்டி உள்ளே குழியாக நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைப் பட்டையின் முகம் வரை நீட்டச் சொல்லுங்கள், வயர் இணைப்புக்கும் பட்டைக்கும் நடுவில் எப்போதும் பெட்டியின் சுவர் இருக்க வேண்டும்.

பதிப்பது

அளவு முதலில். 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள சுவர் 8.1 சதுர மீட்டர். தகடாகப் பதிப்பதானால் கழிவுக்கு 15 சதவீதம் சேர்த்து 9.3 சதுர மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தகடுகளையும் தரையில் பரப்பி, சுவரில் வரப்போகும் வரிசையிலேயே அடுக்கிப் பாருங்கள். இதற்கு அரை நாள் போனாலும் போகட்டும். பட்டைக்குப் பட்டை நிறம் மாறும், ஒரே மரத்தில் நிழல் விழுந்த பக்கம் பாசியும் கல்பாசியும் ஏறிப் பச்சையாகவும் சாம்பலாகவும் இருக்கும், எதிர்ப்பக்கம் வெறும் பழுப்பு. வித்தியாசங்களைக் கலந்து விடுங்கள், ஒரே நிறத்தை ஒரே மூலையில் குவித்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். மரத்தில் நின்ற வாக்கிலேயே, வரிப்பள்ளம் மேல்கீழாக ஓடும்படி வைப்பதுதான் என் கண்ணுக்குச் சரி. படுக்கை வாக்கில் வைத்தால் பள்ளங்களில் தூசி தங்கும், துடைப்பதும் கஷ்டம்.

வெட்டும்போது தகட்டைக் கவிழ்த்து, வழவழப்பான உள்முகத்தில் கோடு போட்டு, நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் மெதுவாக அறுங்கள். மாஸ்க் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கார்க் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்குச் சுபெரோசிஸ் என்று தனிப்பெயரே இருக்கிறது, மேப்பிள் பட்டையில் வளரும் ஒரு பூஞ்சையின் விதைத்தூளும் நுரையீரலைக் கெடுக்கும். என்95 தரத்துக்குக் குறையாத மாஸ்க் போடுங்கள், முடிந்தால் அறுக்கும் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ, ஆணி எதுவானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது, சாதாரண இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை வழிந்து இறங்கும், பிறகு அதை எடுக்கவே முடியாது. சின்னத் தலை உள்ள ஸ்க்ரூவாக வாங்குங்கள், பட்டையைத் துளைத்து ரீப்பருக்குள் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும் நீளம் வேண்டும். முதலில் மெல்லிய ட்ரில் பிட்டால் துளை போட்டுவிட்டு முடுக்குங்கள். துளையை எங்கே போடுவது என்பதில்தான் வேலையின் நேர்த்தி இருக்கிறது: மேடு பார்த்துப் போட்டால் மேடு உடையும், தலையும் தெரியும், வரிப்பள்ளத்தின் அடியில் போட்டால் பட்டை அங்கே ரீப்பரோடு கெட்டியாக உட்காரும், தலை நிழலில் மறைந்துவிடும். ஸ்க்ரூவின் தலை பட்டையைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் அரைச்சுற்று முடுக்கினால் தலை உள்ளே புதைந்து பிடிமானம் போகும். மீறித் தெரியும் தலைகளுக்கு, அறுத்தபோது விழுந்த அதே பட்டையின் தூளை மரப்பசையில் குழைத்து ஒரு துளி வைத்து, காயும் முன் மேலே உலர்ந்த தூளைத் தூவி விரலால் அழுத்துங்கள்.

அடுத்த தகட்டின் ஓரத்தை முன்னதன் ஓரத்தோடு இடிக்காமல் தொட்டும் தொடாமலும் வையுங்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் விரியும், அதற்கு இடம் வேண்டும். இடுக்கு அதிகமாகிவிட்டால் அதே பட்டையிலிருந்து கிழித்த ஒரு கீற்றைப் பின்னாலிருந்து கொடுக்கலாம். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, இணைப்பின்மேல் பட்டையோடு கூடிய காய்ந்த மெல்லிய கிளையை நெடுக்காக வைத்து ஸ்க்ரூ போடுவது. வட அமெரிக்காவின் இரோக்குவா மக்கள் நீள வீடுகளுக்கு எல்ம் பட்டைத் தகடுகளை வைத்துச் சுவர் எழுப்பியபோது உள்ளே ஒரு வரிசைக் கம்பு, வெளியே ஒரு வரிசைக் கம்பு என நடுவில் பட்டையைப் பிடித்துக் கட்டினார்கள். தகட்டில் ஓட்டை குறைவு, விரியவும் சுருங்கவும் இடம் உண்டு, ஒன்று கெட்டால் கழற்றுவதும் சுலபம்.

அறையின் மூலையில் இரண்டு தகடுகளைச் சாய்வாக அறுத்துப் பொருத்தப் பாடுபடாதீர்கள், கரடான பொருளில் அது ஒருபோதும் சேராது. உள்மூலையில் ஒன்றைச் சுவர் வரை விட்டு மற்றதை அதன்மேல் முட்டவிடுங்கள். வெளிமூலைக்கு, தட்டையாக்காமல் வளைவோடு காயவைத்த ஒரு தகடு அல்லது அரைக்கிளை போதும், ஆகவே காயவைக்கும்போதே அதற்கென இரண்டு மூன்றை ஒதுக்கி வையுங்கள்.

மெல்லிய பிர்ச்சுக்கும் கார்க் பலகைக்கும் பசை சரி. சுவரோ ப்ளைவுட்டோ வழவழப்பாக, தூசியில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் அடிப்படையிலான கான்டாக்ட் பசையை இரு முகத்திலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்துங்கள். ஒருமுறை ஒட்டியதை நகர்த்த முடியாது, அதனால் வைக்கும் முன் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிர்ச்சின் ஓரங்களில் சிறு தலை ஆணிகளும் சேர்த்து அடித்தால் சுருள் குணம் தலைகாட்டாது.

வாடகை வீடாக இருந்தாலோ, பின்னாளில் எடுத்துவிடும் எண்ணம் இருந்தாலோ, எல்லாவற்றையும் ப்ளைவுட் பலகைகளில் தரையிலேயே பதித்து, சாய்வாக அறுத்த இரண்டு சட்டங்களில் ஒன்றைச் சுவரிலும் மற்றதைப் பலகையின் முதுகிலும் இறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி பலகையை மாட்டிவிடலாம்.

வெளிச்சுவருக்கு

வெளியே தகடு முறையைவிட ஓடு வேய்கிற முறைதான் சரி. பட்டையை 45 சென்டிமீட்டர் உயரத் துண்டுகளாக வெட்டி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக அடித்து, ஒவ்வொரு வரிசையிலும் 20 சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மேல்வரிசையால் மூடிக்கொண்டே போக வேண்டும். கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரிசையின் இணைப்பு வரக்கூடாது. மேற்சொன்ன 8.1 சதுர மீட்டர் சுவருக்கே இந்த முறையில் ஏறக்குறைய 18 சதுர மீட்டர் பட்டை பிடிக்கும், கழிவோடு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீர்த்தடுப்புத் தாள், அதன்மேல் செங்குத்து ரீப்பர், அதன் குறுக்கே படுக்கை ரீப்பர், அதில் பட்டை. தரையிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தூக்கியே ஆரம்பியுங்கள். மழைத்தண்ணீர் மண்ணில் விழுந்து தெறிப்பது அதிகம் படுவதும் கரையான் ஏறத் தொடங்குவதும் அந்த உயரத்துக்குள்தான். கூரை இறவாணம் நன்றாக நீண்டிருக்கும் சுவர் இதற்குத் தோதானது. மேலே எந்தப் பூச்சும் வேண்டாம், வெயில்பட்டு நிறம் சாம்பலாக மாறும், அது கேடு இல்லை.

தீ

பட்டை எரியும், இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. அமெரிக்க முறையில் சுவர்ப் பூச்சுகளைத் தீ பரவும் வேகத்தைக் காட்டும் ஒரு எண்ணை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள், 0 முதல் 25 வரை ஏ, 26 முதல் 75 வரை பி, 76 முதல் 200 வரை சி. மற்ற நாடுகளுக்கும் இதே போன்ற அளவுகோல்கள் உண்டு. சொந்த வீட்டின் ஒரு சுவருக்கு இது பெரிய தடையாக வராது, ஆனால் உணவகம், விடுதி, அலுவலகம் என்றால் மக்கள் வெளியேறும் வழியிலும் மாடிப்படியிலும் எந்த வகுப்பு கட்டாயம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதற்கான சான்றுள்ள, தீத்தடுப்பு ஏற்றிய பட்டையை வாங்குங்கள். வாங்கிய பிறகு தெளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கரடான முகத்தில் தெளிப்பு சீராகப் படாது, கேட்கிற அதிகாரியிடம் காட்டச் சான்றும் இருக்காது. ஸ்பாட் விளக்கு போடுவதானால் சூடாகாத எல்இடி மட்டும் போட்டு, அதையும் பட்டையில் முட்டாமல் தள்ளி வையுங்கள். சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும் வெளிச்சம் பள்ளம் மேடுகளை அப்படியே எடுத்துக்காட்டும்.

மேல்பூச்சும் பராமரிப்பும்

உட்சுவரில் பளபளக்கும் வார்னிஷ் அடிப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. நன்றாகக் காய்ந்த பட்டைக்குப் பூச்சே அவசியம் இல்லை. நடைபாதை மாதிரி தோள் உரசும் இடத்தில் தூள் உதிருமே என்றால், தண்ணீர் அடிப்படையிலான, பளபளப்பில்லாத சீலரை நீர்த்த பதத்தில் ஒருமுறை தெளித்தால் போதும். எண்ணெய் பூசினால் நிறம் கறுக்கும். எதுவானாலும் கழிவுத் துண்டு ஒன்றில் அடித்து, ஒரு வாரம் அறையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை தொடங்கும் முன் தகட்டை வெளியே வைத்து மெதுவான தூரிகையால் நன்றாகத் தட்டித் தேய்த்துவிட்டால் உதிர வேண்டியதெல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தூசி குழம்பாகிப் பள்ளத்தில் போய் உட்காரும். வாக்குவம் கிளீனரில் மென்தூரிகை முனையை மாட்டி மேலிருந்து கீழாக இழுத்தால் போதும், எப்போதாவது செய்தாலே தாங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மாவு போன்ற நுண்தூள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதற்கு நேர்மேலே வண்டுத்துளை இருக்கிறதா என்று தேடி, அந்தத் தகட்டை மட்டும் கழற்றி எடுத்துவிடுங்கள். வெறும் பழுப்புச் செதில் என்றால் அது உதிரல்தான், பயம் இல்லை. இதற்காகவே அதே மரத்திலிருந்து வந்த மூன்று நாலு தகடுகளைக் கூடுதலாகக் காயவைத்து, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் தட்டையாக வைத்திருங்கள். வேறு மரத்துப் பட்டையை நடுவில் செருகினால் எவ்வளவு தேடிப் பிடித்தாலும் நிறம் சேராது.